அண்டை வீட்டு மூதாட்டி கேட்ட இரண்டு கேள்விகள்

 

கோட்டக்குப்பத்தைத் தாயகமாகக் கொண்டு, இப்போது சிங்கப்பூரில் குடும்பத்துடன் வாழ்ந்து வரும் வாசகச் சகோதரி ஒருவர் இம்மாதம் நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், அடுத்த வீட்டில் சீன மூதாட்டி ஒருவர் இருக்கிறாராம். சகோதரியின் பிள்ளைகள் அவரை 'ஆமா' என்று அழைக்கின்றனர். ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் பாட்டியை அழைக்கும் சொல் அது. சீனப் புத்தாண்டு வந்தால் ஆமா இரண்டு கமலா ஆரஞ்சுப் பழங்களுடன் கதவைத் தட்டுவார். நோன்புப் பெருநாள் வந்தால் நம் சகோதரி சேமியாப் பாயசத்துடன் அவர் கதவைத் தட்டுவார். பதினோர் ஆண்டுகளாக இது நடந்து வருகிறது.

கடந்த பெருநாளன்று பாயசத்தைப் பெற்றுக்கொண்ட ஆமா, இரண்டு கேள்விகளைக் கேட்டாராம். முதற் கேள்வி இது: "நீங்களும் நிலவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறீர்கள், நாங்களும் அப்படித்தான். எங்கள் புத்தாண்டு ஜனவரி, பிப்ரவரியை விட்டு நகர்வதில்லை. உங்கள் பெருநாள் மட்டும் ஏன் ஆண்டு முழுவதும் சுற்றி வருகிறது?" இரண்டாம் கேள்வி: "ஊரில் உன் அம்மாவுக்கு இன்று நோன்பு, அண்ணன் வீட்டில் இன்று பெருநாள் என்று தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்தாயே, ஒரே வீட்டில் அது எப்படி?"

"முதற் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இரண்டாம் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்ல நா எழவில்லை" என்று எழுதும் சகோதரி, தொடர்ந்து இப்படிக் குறிப்பிடுகிறார்: "ஒரே அடுப்பங்கரையில் அண்ணி பிரியாணிக்குத் தாளித்துக் கொண்டிருக்க, என் தாயார் நோன்புடன் தம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். அழுதுகொண்டே என்னிடம் பேசினார்கள். சீனர்களின் நாட்காட்டி பற்றியும் அவர்களுடைய விசேட நாள்கள் பற்றியும் விளக்கமாக எழுதுங்கள். அடுத்த முறை ஆமாவுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்."

இம்மடலைப் படித்த பின் வேறொரு பொருளைப் பற்றி எழுத மனம் வரவில்லை. இரண்டு கேள்விகளையும் வரிசையாக எடுத்துக் கொள்வோம்.

எல்லையோர ஊரின் பழக்கம்

ஒன்றுக்கு மேற்பட்ட நாட்காட்டிகளோடு வாழ்வது கோட்டக்குப்பத்தாருக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர விளிம்பில் இருக்கும் இவ்வூரிலிருந்து தெற்கே நடந்தால் முத்தியால்பேட்டை. அது புதுச்சேரி. நவம்பர் 1ஆம் நாள் அங்கே விடுதலை நாள்; ஆகஸ்டு 16ஆம் நாள் அதிகார மாற்ற நாள். அந்நாள்களில் புதுச்சேரியில் வேலை பார்க்கும் தந்தைக்கு விடுமுறை. கோட்டக்குப்பத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நாள் ஒன்றுதான், எந்த அரசின் கீழ் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

என் பாட்டனார் சைகோனில் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தோங் தூ வீதியில் உள்ளது. கடையில் மூன்று நாட்காட்டிகள் தொங்குமாம். பிரெஞ்சு அரசின் அலுவல்களுக்கு ஒன்று. நோன்புக்கும் பெருநாளுக்கும் ஒன்று. மூன்றாவது, வியட்நாமியரும் சோலோன் பகுதிச் சீனரும் பின்பற்றும் நாட்காட்டி. கடன் வசூலுக்கு அம்மூன்றாவதுதான் தலையாயது என்பார் பாட்டனார். புத்தாண்டு பிறக்கும் முன் பழைய பற்றுகளைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அம்மக்களின் வழக்கம். ஆகவே பன்னிரண்டாம் மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் பணம் கைக்கு வரும். புத்தாண்டு பிறந்த பின் போய்க் கடனைக் கேட்டால், முதல் நாளே கடன்காரன் முகத்தில் விழித்தோமே என்று வாடிக்கையாளர் மனம் கசந்துவிடும். அயலாரின் நாள்களை அறிந்திருத்தல் அன்று பிழைப்புக்கே தேவையாக இருந்தது.

நிலவின் கணக்கும் ஞாயிற்றின் கணக்கும்

நிலவு ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. ஆகவே நிலவைக் கொண்டு எண்ணப்படும் மாதங்கள் 29 நாளாகவோ 30 நாளாகவோ அமைகின்றன. இதில் நமக்கும் சீனர்களுக்கும் வேறுபாடில்லை. பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் 354 நாள் வரும். ஆனால் கோடையும் மழையும் பனியும் ஞாயிற்றைச் சார்ந்தவை. அவை ஒரு சுற்று வர 365 நாளும் கால் பங்கும் ஆகும். இடையில் விழும் பதினோரு நாளை என்ன செய்வது? இரண்டு நாட்காட்டிகளும் பிரியும் இடம் இதுதான்.

நாம் அந்தப் பதினோரு நாளை விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு மாதங்கள் பன்னிரண்டே என்பதும், மாதங்களைத் தள்ளிப்போடும் பழைய அரபு வழக்கம் கூடாது என்பதும் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயமான அத்தவ்பாவின் 36, 37ஆம் வசனங்கள் அறிவிக்கும் சட்டம். இதனால் ரமளான் ஒவ்வோர் ஆண்டும் பதினோரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. கத்தரி வெயிலிலும் நோன்பு வரும். மார்கழிக் குளிரிலும் வரும். பகல் நீண்ட நாடுகளில் வாழ்வோருக்கு ஒரு காலத்தில் கடுமையாக இருக்கும் நோன்பு, பதினாறு பதினேழு ஆண்டுகளில் எளிதாகிவிடும். எந்த நாட்டாருக்கும் நிரந்தரமாக எளிய நோன்போ கடிய நோன்போ வாய்ப்பதில்லை.

சீனர்கள் அந்தப் பதினோரு நாளைச் சேர்த்து வைக்கின்றனர். அது ஏறக்குறைய ஒரு மாத அளவை எட்டியதும் ஆண்டில் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் செருகி விடுகின்றனர். 19 ஆண்டுகளில் இவ்வாறு 7 மாதங்கள் கூடுகின்றன. 2023இல் இரண்டாம் மாதம் இருமுறை வந்தது. 2025இல் ஆறாம் மாதம் இருமுறை வந்தது. இந்தச் சரிக்கட்டலால் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது.

எந்த மாதத்தைக் கூடுதல் மாதமாகக் கொள்வது என்பதற்கும் விதி உண்டு. நம் தமிழ் மாதம் ஞாயிறு ஒரு இராசியில் புகும்போது பிறக்கிறது அல்லவா? அதுபோலவே ஞாயிற்றின் பாதையைச் சீனர்களும் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைக்குறி வைத்துள்ளனர். பதின்மூன்று மாதங்கள் விழும் ஆண்டில், அத்தகைய தலைக்குறி எதுவும் விழாத மாதமே கூடுதல் மாதம். நம் தெலுங்கு, கன்னட அண்டையார் 'அதிக மாதம்' கணிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சீன மாதம், நிலவு கண்ணுக்கே தெரியாத அமாவாசை நாளிலேயே பிறந்து விடுகிறது. நம் மாதமோ பிறை கண்ணுக்குப் புலப்படும் மாலையில் பிறக்கிறது. ஆகவே ஆமாவின் முதல் தேதிக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் நம் முதற்பிறை வரும்.

இருபத்து நான்கு பருவக் குறிகள்

அந்தப் பன்னிரண்டு தலைக்குறிகளுக்கு நடுவே மேலும் பன்னிரண்டு குறிகள் உள்ளன. ஆக மொத்தம் 24. பதினைந்து நாளுக்கு ஒன்றாக வரும் இவை முழுவதும் ஞாயிற்றின் கணக்கு. நிலவுக்கு இதில் பங்கில்லை. அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஓர் உழவர் வயல் வரப்பில் நின்று பேசுவது போலிருக்கும். பிப்ரவரி 4ஐ ஒட்டி வருவது வசந்தத் தொடக்கம். மார்ச்சு முதல் வாரத்தில் பூச்சிகளின் விழிப்பு. ஏப்ரல் 20ஐ ஒட்டித் தானிய மழை. ஜூலைக் கடைசியில் பெருவெப்பம். செப்டம்பரில் வெண்பனித்துளி. அக்டோபர் இறுதியில் உறைபனி இறக்கம். ஜனவரி 20ஐ ஒட்டிப் பெருங்குளிர்.

மஞ்சள் ஆற்றங்கரை உழவர்களின் பட்டறிவிலிருந்து பிறந்த இந்த 24 குறிகளையும் யுனெஸ்கோ அமைப்பு 2016இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஆடிப்பட்டம் பார்த்து மணிலா விதைக்கும் திண்டிவனம் பகுதி உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் முன்பனி, மாசியில் பின்பனி என்று நம் முன்னோர் குறித்து வைத்ததும் இதே அறிவுதான்.

சிங்கப்பூரில் பனி ஏது? உறைபனி ஏது? பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள அத்தீவில் ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம், அடிக்கடி மழை. ஆயினும் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள், குளிர்காலத்தின் உச்சி எனக் கருதப்படும் 'தோங்ஜி' அன்று, ஆமாவின் வீட்டில் அரிசிமாவு உருண்டைகளை இனிப்புப் பாகில் இட்டுக் குடும்பத்தோடு உண்பார்கள். பாட்டன்மார் விட்டு வந்த மண்ணின் குளிரை, அந்த மண்ணைக் கண்டறியாத பேரர்கள் நினைவுகூர்கிறார்கள். கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு அந்த மனநிலை புரியாததன்று.

ஆமாவின் ஓராண்டு

இனி, ஆமாவின் ஆண்டை ஒருமுறை சுற்றி வருவோம். புத்தாண்டுக்கு முந்திய மாலையில் குடும்பம் முழுவதும் ஒன்றுகூடி உண்ணும் விருந்துதான் அவர்களுக்கு ஆண்டின் தலையாய வேளை. எங்கிருந்தாலும் பிள்ளைகள் அன்று வீடு வந்து சேர வேண்டும். புத்தாண்டு நாளில் வீடு பெருக்கமாட்டார்கள். வந்த நற்பேற்றைக் கூட்டித் தள்ளுவதாகி விடும் என்பது நம்பிக்கை. மணமானவர்கள் மணமாகாத இளையோருக்குச் சிவப்பு உறையில் 'ஆங் பாவ்' எனும் அன்பளிப்புப் பணம் தருவர். மலாய் முஸ்லிம்கள் பெருநாளில் பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் பணம் தரும் வழக்கம் இதைப் பார்த்து ஏற்பட்டதேயாகும். கமலா ஆரஞ்சுகள் இரண்டிரண்டாகவே கொடுக்கப்படும். ஆமா இரண்டு பழங்கள் கொண்டு வருவது அதனால்தான். பதினைந்தாம் இரவான 'சாப் கோ மே' முழுநிலவுடன் புத்தாண்டுக் கொண்டாட்டம் நிறைவுறும்.

ஏப்ரல் 4 அல்லது 5ஐ ஒட்டி வருவது 'சிங்மிங்'. இது பருவக் குறி நாள். ஆகவே ஆங்கிலத் தேதியில் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். அன்று குடும்பத்தார் முன்னோரின் சமாதிகளுக்குச் சென்று புல் களைந்து துப்புரவு செய்வர். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் படகுப் பந்தய விழா. நாட்டின் நிலை கண்டு மனமுடைந்து ஆற்றில் மூழ்கி உயிர்நீத்த கூ யுவான் எனும் பழங்காலக் கவிஞரின் நினைவோடு அந்நாள் இணைக்கப்படுகிறது. இலையில் பொதிந்து அவித்த அரிசிப் பொட்டலம் அன்றைய உணவு.

ஏழாம் மாதத்தைப் பற்றிச் சகோதரி தனியாகக் கேட்டிருக்கிறார். மாடிக் கட்டடத்தின் கீழே தகரப் பீப்பாய்களில் காகிதம் எரிவதைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுகிறார்களாம். மறைந்தோரின் ஆவிகள் அம்மாதத்தில் பசியோடு உலவும் என்பது சீனரின் பழைய நம்பிக்கை. அவற்றுக்காகக் காகிதத்தில் செய்த பணமும் பொருள்களும் எரிக்கப்படுகின்றன. திறந்த வெளியில் பாட்டுக் கச்சேரிகள் நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாக விடப்படும். இந்நம்பிக்கை நம்முடையதன்று. எனினும் அந்தத் தீயைச் சுற்றி நிற்பவர்கள், இறந்துபோன தம் தாய் தந்தையரை எண்ணி நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அச்சம் நீங்கிவிடும்.

எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் இரவு, இலையுதிர் காலத்தின் நடுவில் முழுநிலவு. பிள்ளைகள் விளக்குக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பர். நிலவு வடிவப் பணியாரம் பகிரப்படும். அதில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டாகையால் கவனம் தேவை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹலால் சான்றுடன் கூடியவை கிடைக்கின்றன. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளைச் சீனாவில் இப்போது முதியோர் நாளாகப் போற்றுகின்றனர். பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் பலவகைத் தானியங்களும் பருப்புகளும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. அதன் பின் மீண்டும் புத்தாண்டு. இவற்றில் எதில் எவ்வளவு கலந்துகொள்ளலாம் என்ற மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுக்கொள்க. அறிமுகம் செய்து வைப்பதே இப்பகுதியின் வேலை.

சீன வானநூலில் முஸ்லிம்கள்

இந்த நாட்காட்டியின் வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. மங்கோலியப் பேரரசர் குப்ளாய்க் கானுக்கு 1267இல் ஜமாலுத்தீன் எனும் வானநூல் அறிஞர், விண்ணை அளக்கும் கருவிகளையும் நாட்காட்டி ஒன்றையும் அளித்தார். 1271இல் முஸ்லிம் வானநூலாருக்கெனத் தனி அலுவலகமே நிறுவப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1281இல், கோ ஷோவ்ஜிங் என்ற சீன அறிஞரின் புகழ்பெற்ற நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஆண்டின் நீளம் 365.2425 நாள் என்று அதில் கொள்ளப்பட்டது. ஐரோப்பா அதே அளவை 1582இல்தான் ஏற்றுக்கொண்டது. அடுத்து வந்த மிங் அரசும் முஸ்லிம் வானநூலாரைப் பணியில் வைத்திருந்ததோடு, அவர்களுடைய கணித அட்டவணைகளைச் சீன மொழியில் பெயர்க்கச் செய்தது.

அந்த மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பயணத்தின் சின்னமாக இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தென்னாவர நாயனாரையும், பாரசீக வாசகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அரசர் யோங்லோவின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம், முதல் நாள் என்பது கல்லில் உள்ள சீனத் தேதி; அதாவது 1409 பிப்ரவரி 15. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அக்கல்லை இன்றும் காணலாம்.

இரு பெருநாள்கள் கைகோத்த ஆண்டுகள்

நம் நாட்காட்டி சுற்றி வருவதால், 33 ஆண்டுக்கு ஒருமுறை நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் அருகருகே வந்து சேர்கின்றன. 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்வாறு வந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் அதற்குக் 'கோங்சி ராயா' என்று பெயரிட்டனர். 'கோங் சி' என்பது சீனரின் வாழ்த்துச் சொல். 'ஹரி ராயா' என்பது மலாய் மொழியில் பெருநாள். 'கோங்சி' என்றாலோ மலாய் மொழியில் பகிர்ந்துகொள்ளுதல். பின்னர் 2004, 2005, 2006 ஆண்டுகளில் தீபாவளியும் பெருநாளும் நெருங்கி வந்தபோது 'தீபராயா' பிறந்தது. இனி 2029 முதல் 2031 வரை கோங்சி ராயா மீண்டும் வர இருக்கிறது. 2029இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 13. ஆமாவின் பழங்களும் சகோதரியின் பாயசமும் அந்த வாரம் வழியிலேயே சந்தித்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. இந்தோனேசியாவில் 1967இல் சுகார்த்தோ அரசு, சீனர்கள் தம் சமய, மரபு நிகழ்ச்சிகளைப் பொது இடத்தில் நடத்தக் கூடாதென ஆணையிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் சீனப் புத்தாண்டு வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் அவ்வாணையை நீக்கியவர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித். நஹ்தத்துல் உலமா எனும் மாபெரும் மார்க்க அமைப்பின் தலைவராக விளங்கிய ஆலிம் அவர். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை.

அவர்களுக்கும் நேர்ந்த பிளவு

இப்போது ஆமாவின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஒரே வீட்டில் இரண்டு பெருநாளா என்று அவர் வியந்தார். ஆனால் அவருடைய நாட்காட்டியிலும் அப்படி நிகழ்ந்ததுண்டு.

1978ஆம் ஆண்டின் எட்டாம் மாதத்து அமாவாசை, சீனப் பொது நேரப்படி செப்டம்பர் 3ஆம் நாள் நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்குப் பின் நிகழ்ந்தது. ஆனால் பீகிங் நகரின் பழைய உள்ளூர் நேரம் அதற்குச் சுமார் 14 நிமிடம் பின்தங்கியது. அதன்படி இன்னும் செப்டம்பர் 2 முடியவில்லை. ஹாங்காங்கில் பழைய முறையைத் தழுவிய நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. விளைவு, ஹாங்காங்கில் செப்டம்பர் 16 அன்று நிலவு விழா. சீனாவில் 17 அன்று. சில நிமிட வேறுபாட்டால் ஒரே மக்களுக்கு இரண்டு பண்டிகை.

வியட்நாமிலோ கதை இதைவிடக் கடுமையானது. அவர்கள் 'தெத்' என்று கொண்டாடும் புத்தாண்டும் இதே கணக்கில் வருவதுதான். போர்க்காலத்தில் வட வியட்நாம் தன் நாட்டு நேரத்தை ஒரு மணி மாற்றி அமைத்தது. அதனால் 1968இல் வடக்கே ஜனவரி 29 அன்றும் தெற்கே 30 அன்றும் புத்தாண்டு பிறந்தது. அந்தப் புத்தாண்டு நாள்களில்தான் தென்னக நகரங்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தது. சில ஊர்களில் அது ஓரிரவு முன்னதாகவே தொடங்கிவிட்டதற்கு இந்த நாள்குழப்பத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 31ஆம் நாள் விடியுமுன் சைகோன் நகருக்குள் போர் புகுந்தது.

1985இல் வேறுபாடு ஒரு நாளன்று, ஒரு முழு மாதம். 1984 டிசம்பரில் ஞாயிறு குளிர்கால உச்சியை அடைந்த கணம் ஹனோய் நேரப்படி 21ஆம் நாள் இரவு. சீன நேரப்படி நள்ளிரவு கடந்து 22. அடுத்த மாதம் பிறந்ததோ 22ஆம் நாள். குளிர்கால உச்சி பதினோராம் மாதத்தில்தான் விழ வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த உச்சி எந்த மாதத்தில் விழுந்தது என்பதில் இரு நாடுகளும் பிரிந்தன. வியட்நாம் ஜனவரி 21இல் புத்தாண்டைக் கொண்டாடி முடித்தது. சீனா பிப்ரவரி 20 வரை காத்திருந்தது.

அச்சான நாட்காட்டிகளே தவறிய கதையும் உண்டு. 2033ஆம் ஆண்டின் கூடுதல் மாதம் ஏழாம் மாதத்துக்குப் பின் வரும் என்று பழைய அட்டவணைகள் பலவற்றில் அச்சாகியிருந்தது. விதிப்படி அது பதினோராம் மாதத்துக்குப் பின்தான் வர வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. கணக்கிடும் விதிகளை வரையறுத்து 2017இல் சீன அரசு தேசியத் தரநிலை ஒன்றையே வெளியிட்டது. கிழக்கு 120 பாகைக் கோட்டின் நேரம் ஒன்றே அளவுகோல் என்பதும் அதில் அடக்கம்.

வாசகர்களே! இந்நிகழ்ச்சிகளில் எதிலும் நிலவு தவறு செய்யவில்லை. அமாவாசை அதற்குரிய கணத்தில்தான் நிகழ்ந்தது. எந்த ஊரின் நேரம், எந்த விதி, யார் சொல் என்பதில்தான் மனிதர்கள் பிரிந்தார்கள். ஒரு நாள் பெருநாளாவதற்கு வானம் பாதி போதும். மறுபாதி மனிதரின் உடன்பாடு. சீனர்கள் அந்த உடன்பாட்டைக் கணக்கின் வழியாகத் தேடிக்கொண்டனர். புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாட்டுச் சமய அமைச்சர்களும் கூடி, பிறை அடிவானிலிருந்து 3 பாகை உயரத்திலும் ஞாயிற்றிலிருந்து 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும் என்று 2021இல் ஓர் அளவுகோலுக்கு வந்தனர்.

நம் தமிழகத்தில் உள்ளூர்ப் பிறையைக் கண்ணால் கண்டே ஆக வேண்டும் என்போர் உள்ளனர். உலகில் எங்கு கண்டாலும் போதும் என்போர் உள்ளனர். கணக்கே போதும் என்போரும் உள்ளனர். ஒவ்வொருவரிடமும் சான்றுகள் உண்டு, கற்றறிந்தோர் உண்டு. எது சரி என்று தீர்ப்பளிக்க இந்த எளியேன் தகுதியுடையவன் அல்லன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. நாம் இப்பேச்சை ஒவ்வோர் ஆண்டும் ரமளானின் இருபத்தொன்பதாம் இரவில், பள்ளிவாசல் வாயிலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தித் தொடங்குகிறோம். ஷஃபானிலோ அதற்கும் முன்போ, ஊர்ப் பெரியவர்களும் ஆலிம்களும் இளைஞர்களும் ஒரு கூடத்தில் அமர்ந்து பேசினால் என்ன? கருத்து ஒன்றாகாவிட்டாலும், ஒரு வீட்டில் இருப்போர் ஒரே நாளில் பெருநாள் கொண்டாடும் வழியேனும் பிறக்கக் கூடும். அதுவும் இயலாத ஆண்டில், நோன்போடு இருக்கும் தாய்க்காகப் பிரியாணித் தாளிப்பை மாலை வரை ஒத்திவைக்கலாமே. அதற்கு எந்தச் சான்றும் தேவையில்லை.

சிங்கப்பூர்ச் சகோதரிக்கு இதோ பதில். முதற் கேள்விக்கு: "நீங்கள் பதினோரு நாளைச் சேர்த்து வைக்கிறீர்கள், நாங்கள் விட்டுவிடுகிறோம். அதனால் உங்கள் புத்தாண்டு ஒரே பருவத்தில் நிற்கிறது; எங்கள் பெருநாள் எல்லாப் பருவத்துக்கும் விருந்தாளியாகச் செல்கிறது" என்று ஆமாவிடம் சொல்லுங்கள். இரண்டாம் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம். 1978ஆம் ஆண்டின் நிலவு விழாவை நினைவுபடுத்துங்கள். ஹாங்காங்கில் உறவினர் இருந்திருந்தால் அவருக்கே நினைவிருக்கலாம்.

அதன்பின் தாயாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். அண்ணனையும் அருகில் அழைத்து வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசுங்கள். அடுத்த ரமளானுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.